எந்தச் சர்க்கரை

அண்ணன் திருட்டுத்தனமாகச் சர்க்கரை தின்கிறான் என்று தங்கை முடிவு கட்டியபோது அவள் கையில் சாட்சி என்று எதுவும் இல்லை. இருந்தது ஒரே ஒரு எண். விரல் நுனியைக் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு மீட்டர் இருநூற்றெழுபது என்று காட்டியது. சமீபம்வரை நூற்றைம்பதைத் தாண்டாத ஆசாமி. எண் பொய் சொல்லாது, ஆட்கள்தான் சொல்வார்கள் என்பது அவள் கட்சி.

கட்சிக்குக் காரணம் உண்டு. அந்த மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பைச் செய்யும் ஆலையில்தான் அவளுக்கு வேலை. நகத்தின் அகலம்கூட இல்லாத பிளாஸ்டிக் துண்டு அது. நுனியில் ஒரு துளி நொதி காய்ந்து ஒட்டியிருக்கும். தலை முதல் கால் வரை வெள்ளை உடையில் மூடிக்கொண்டு, ஈரக்காற்று எட்டிப் பார்க்காத அறையில், விளக்கு வைத்த லென்சுக்கு அடியில் ஸ்ட்ரிப்புகளை ஓட்டிவிட்டு, நொதி வழிந்ததையும் விளிம்பு பிசிறியதையும் பொறுக்கித் தள்ளுவது அவள் பிழைப்பு. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பாதி தொழிலுக்காக, பாதி குணத்துக்காக. கட்டிக்கொண்டவன் ஒருநாள் ‘நீ பொண்டாட்டியா, சோதனைச்சாவடியா’ என்று கேட்டுவிட்டுப் போனவன்தான், திரும்பவில்லை. அவளும் தேடவில்லை. அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தாள். அப்பா இருவர் பேருக்கும் எழுதிவைத்த வீடு என்பதால் அண்ணி மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லவில்லை.

அண்ணன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவன். சர்க்கரை நோய் முதலில் அவனிடம் கால்விரல் ஒன்றைக் கேட்டது, கொடுத்தான். பிறகு இரண்டு சிறுநீரகங்களையும் கேட்டது. இப்போது அவற்றின் வேலையை வயிற்றில் பொருத்திய ஒரு குழாய் பார்க்கிறது. பையில் வரும் மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, அது அழுக்கை இழுத்துக்கொள்ளும்வரை வைத்திருந்து, வடித்துவிட வேண்டும். வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ‘ஆயில் மாத்தறது’ என்பான். அண்ணி கை கழுவி, முகமூடி கட்டிக்கொண்டு பையை மாட்டும்போது, வடிகட்டியையும் பார்த்துவிடு, பிரேக் கொஞ்சம் இழுக்கிறது என்பான். அண்ணி சிரிக்க மாட்டாள். சிரித்தால் முகமூடி விலகும் என்ற பயம்.

கொஞ்ச காலத்துக்கு முன் மருத்துவமனையில் அவனுடைய இரவுப் பையை மாற்றினார்கள். ராத்திரி முழுக்க வயிற்றில் கிடக்கும் அந்தத் தண்ணீர் புது வகையாம், உடம்பு வீங்காமல் பார்த்துக்கொள்ளுமாம். அதோடு ஒரு மீட்டரையும் நர்ஸ் கொடுத்தனுப்பியிருந்தாள். அண்ணி அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, இனிமேல் இதில்தான் சர்க்கரை பார்க்க வேண்டுமாம் என்றாள். ஏன் என்று தங்கை கேட்டாள். புதுத் தண்ணீருக்கு இதுதான் ஒத்துவருமாம், பாதி டாக்டர் பாஷையில் சொன்னதால் அவ்வளவுதான் பிடிபட்டது என்றாள் அண்ணி.

தங்கை மீட்டரைத் திருப்பிப் பார்த்தாள். போட்டிக் கம்பெனி.

“தண்ணிக்கும் மீட்டருக்கும் என்ன சம்பந்தம் அண்ணி? கமிஷனுக்கும் மீட்டருக்கும்தான் சம்பந்தம்.”

அதோடு அந்த விவகாரம் முடிந்தது. மீட்டர் பிரிக்காத பெட்டியோடு எதிர்வீட்டு வாத்தியாருக்குப் போனது. அண்ணனுக்கு எப்போதும்போல ஆலை ஸ்ட்ரிப். ஸ்ட்ரிப்பை வெட்டியெடுக்கும் பிளாஸ்டிக் ரோல் முடியும் இடத்தில் மிஞ்சும் நல்ல துண்டுகளைத் தொழிலாளிகளுக்கு என்று லேபிள் ஒட்டாத குப்பியில் போட்டுக் கொடுப்பார்கள். பெட்டியும் கிடையாது, உள்ளே மடித்து வைக்கும் காகிதமும் கிடையாது. ஒவ்வொன்றும் தன் கண்ணைத் தாண்டி வந்தது என்பதைவிட வேறென்ன உத்தரவாதம் வேண்டும்? சமையல்காரி தன் வீட்டுக்குக் கடையில் சாப்பாடு வாங்குவாளா?

பிறகுதான் எண்கள் ஏறின. இருநூற்றெழுபது, முன்னூறு. காலையிலும் ஏற்றம், சாயங்காலமும் ஏற்றம். தங்கை அவற்றை மருத்துவமனைக்குப் போனில் சொன்னாள். டாக்டர் சார்பில் பேசிய நர்ஸ், நாங்கள் கொடுத்த மீட்டரில்தானே பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். தங்கை ஆமாம் என்றாள். இல்லை என்றால் ஒரு பாட்டம் விளக்கம் கேட்க வேண்டும், நேரம் விரயம். இன்சுலினைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினாள். பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசியில் அளவைத் திருகி மேசையில் வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போவாள், அண்ணி போட்டுவிடுவாள். கூட்டியும் எண் இறங்கவில்லை. மறுபடி போன், மறுபடி கூட்டல்.

மருந்து ஏறுகிறது, சர்க்கரை இறங்கவில்லை என்றால் நடுவில் யாரோ உள்குத்து வேலை செய்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

நியாயமாக முதலில் மீட்டரையே சந்தேகப்பட்டாள். அவளிடம் பாரபட்சம் கிடையாது. ஆலையிலிருந்து சோதனைத் தண்ணீர் குப்பி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் இவ்வளவு சர்க்கரை என்று அளந்து கலந்திருப்பார்கள், மீட்டர் அதே எண்ணைக் காட்டினால் மீட்டர் யோக்கியம். காட்டியது. இம்மி பிசகவில்லை. மீட்டர் விடுதலை. மிச்சம் இருந்தது இரண்டு பேர்.

அதன்பின் அவள் அண்ணனைப் பார்த்த பார்வையே வேறு. அவனுக்கு வியர்த்தது. மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருப்பான், மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை நிற்கும். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டாள். கை நடுங்கியது. டம்ளரை வைக்கும்போது மேசையில் தடதடவென்று அடித்தது. மாட்டிக்கொள்வோம் என்ற பயம். ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுந்தான், பிறகு குழந்தைமாதிரி மன்னிப்புக் கேட்டான். திருடன் முழிக்கிற முழி. எல்லாவற்றையும்விட அவனுடைய பசி. சாப்பிட்டுக் கை கழுவின கையோடு சமையலறை வாசலில் வந்து நிற்பான், ஏதாவது இருக்கிறதா என்று கண்ணாலேயே அலமாரியைத் துழாவுவான்.

மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது ஆய்வகத்தில் எண்பதோ என்னவோ வந்தது. அங்கே திருப்தி. தங்கைக்கு அதுவே உறுதியான சாட்சி. பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் புத்தகத்தைத் தொடுகிற ஜாதி இவன், ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் வாயைக் கட்டியிருக்கிறான் என்று அண்ணியிடம் சொன்னாள். அண்ணி பாத்திரத்தைத் துலக்கியபடி, அப்படியா என்றாள். அந்த அப்படியாவும் சரியில்லை.

தங்கை பொறிகள் வைத்தாள். சர்க்கரை டப்பாவின் மூடிக்கு அடியில் ஒரு தலைமுடியை ஒட்டவைத்தாள். அலமாரிப் பிடியில் முகப்பவுடரைத் தூவினாள். பிஸ்கட் பாக்கெட்டின் வாயைத் தனக்கு மட்டும் தெரிந்த விதத்தில் மடித்தாள். அண்ணன் பேசும்போது பக்கத்தில் போய் மூச்சை மோந்தாள். “என்னம்மா, மோப்ப நாய்க்கு ஆள் எடுக்கறாங்களா?” என்று கேட்டான். முகத்தில் சிரிப்பு இருந்தது, நெற்றியில் வியர்வை இருந்தது. எதை நம்புவது?

முடி அறுந்தது. பவுடரில் விரல் பதிந்தது. விரல் மெல்லிசு, மெக்கானிக்கின் கட்டை விரல் இல்லை.

ஆக, அண்ணி.

இங்கேதான் தங்கைக்குத் தூக்கம் போனது. பாசத்தில் கொடுக்கிறாளா, வேறு கணக்கா? பாசம் என்றால் முட்டாள்தனம், அதட்டினால் தீரும். வேறு கணக்கு என்றால்? நோயாளியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன பெண்ணுக்கு ஒரு கைப்பிடிச் சர்க்கரை போதும். கத்தியும் வேண்டாம், விஷமும் வேண்டாம், யாரும் கேட்கவும் மாட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரன், முற்றிப்போய்விட்டது என்று ஊரே சொல்லும். அப்படி நினைத்தபோது அவளுக்கே உடம்பு கூசியது. ஆனாலும் நினைத்தாள். பிசிறு கண்ணில் பட்டுவிட்டால் படாத மாதிரி தள்ளிவிட அவளுக்குத் தெரியாது.

ஒரு சாயங்காலம் அவனுடைய சட்டைப் பையில் காகிதப் பொட்டலம் கிடைத்தது. பிரித்தால் சர்க்கரை. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு அவன் குளிக்கப் போயிருந்தான். வந்ததும் பொட்டலத்தை நீட்டினாள். அவன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றான். யார் கொடுத்தது என்று கேட்டாள். கடையில் நானே வாங்கினேன் என்றான். ஆஸ்பத்திரிக்குத் தவிர வீட்டு வாசலைத் தாண்டி அவன் போய் மாசக்கணக்காகிறது.

“பொய்கூட ஒழுங்கா சொல்ல வரல உனக்கு.”

“பசிக்குதும்மா. சும்மா பசியில்ல. உள்ள ஒருத்தன் உக்காந்துக்கிட்டு குடு குடுன்னு கேக்கறான். குடுத்தா அடங்கறான்.”

“அதுக்குப் பேருதான் வியாதி.”

“இருக்கலாம்,” என்றான். வாதம் செய்கிற ஆள் அவன், அன்றைக்குச் செய்யவில்லை. அண்ணி கதவருகில் நின்று இருவரையும் பார்த்தாள். பார்வை அண்ணன்மேல் இல்லை, தங்கைமேல் இருந்தது. அதைத் தங்கை கவனித்தாள். தப்பு செய்தவள் காவலாளியைப் பார்க்கிற பார்வை என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே ஆலையில் விடுப்புச் சொன்னாள். பூதக்கண்ணாடி விடுப்பு எடுக்கிறதா, மழைதான் வரும் என்று கேலி பேசினார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து காவல் காப்பது என்று தீர்மானம். சர்க்கரை டப்பாவை மாடியறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினாள். இன்சுலினைத் தானே திருகி, தானே குத்தினாள். அண்ணி, உனக்கு ஏன் சிரமம், நான் போடுகிறேனே என்று இரண்டு மூன்று தடவை கை நீட்டினாள். பரவாயில்லை என்று தங்கை தள்ளிவிட்டாள். கடைசித் தடவை அண்ணியின் கை அப்படியே நீட்டியபடி அந்தரத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து நேரமாகியிருந்தது. அண்ணன் மேசையிலேயே உட்கார்ந்திருந்தான். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். “பதினாலு நம்பர் ஸ்பேனரை எவன்டா எடுத்தது?” என்று அவன் கேட்டான். வேடிக்கை என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான், யாரோ பையனைக் கேட்பதுபோல. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, பார்வை வேறெங்கோ. நாக்கு குழறியது. பிறகு பக்கவாட்டில் சரிந்தான். தங்கை ஓடிப்போய்த் தோளைத் தாங்கினாள். கை ஜில்லென்று இருந்தது.

பழக்கதோஷம், மீட்டரைத்தான் முதலில் எடுத்தாள். விரலைத் துடைத்துக் குத்தினாள். முன்னூற்றுப் பத்து.

ஏறிப்போய் மயக்கமாகிவிட்டான். எங்கேயோ ஒளித்து வைத்துத் தின்றிருக்கிறான், இவ்வளவு காவலையும் மீறி. இன்சுலின் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். அளவைத் திருகினாள். அவன் சட்டையைத் தூக்கியபோது அண்ணி சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். கையில் ஒரு டம்ளர் சர்க்கரைக் கரைசல், சொட்டச் சொட்ட. எங்கிருந்து எடுத்தாளோ, அவளும் எங்கேயோ சர்க்கரையை ஒளித்து வைத்திருந்திருக்க வேண்டும்.

“அதைக் கீழ வை,” என்றாள் அண்ணி.

“முன்னூறு அண்ணி, முன்னூறு. நம்பரைப் பாருங்க.”

“நீ ஆளைப் பாரு.”

தங்கை அவள் கையைத் தட்டிவிடப் பார்த்தாள். அண்ணி டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவளைப் பிடித்துத் தள்ளினாள். அப்படித் தள்ளக்கூடியவள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தங்கை அலமாரியில் மோதி உட்கார்ந்தாள், பேனா மேசைக்கு அடியில் உருண்டது. அண்ணி விரலைக் கெட்டியான கரைசலில் தோய்த்து அவனுடைய ஈறில் தேய்த்தாள். தோய்ப்பதும் தேய்ப்பதுமாக இருந்தாள். தன் புருஷனுக்குப் பல் விளக்கிவிடுகிறவள் மாதிரி இருந்தது. கொன்றுவிடாதீர்கள் என்று தங்கை கத்தினாள். அண்ணி திரும்பவில்லை.

தங்கை ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். அண்ணி அவனைக் கொன்றுவிட்டாள் என்று சொல்லத்தான் போட்டாள். முகவரி சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் கண்ணைச் சுருக்கினான். உதட்டை நக்கினான். அண்ணியின் விரலைச் சப்பினான். இன்னும் கொஞ்ச நேரத்தில் டம்ளரை அவனே பிடித்துக் குடித்துவிட்டு, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, “யாரு செத்தது?” என்று கேட்டான்.

சர்க்கரை ஏறி விழுந்தவன் சர்க்கரையைத் தின்று எழுந்திருக்கிறான். தங்கை தரையில் உட்கார்ந்தபடியே இதைப் பார்த்தாள். பார்த்ததை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ்காரர் தன்னுடைய மீட்டரில் பார்த்தார். ஐம்பத்திரண்டு. சர்க்கரை குடித்தபிறகே ஐம்பத்திரண்டு என்றால் முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். தங்கை எழுந்துபோய் அதே விரலில் தன் ஸ்ட்ரிப்பை வைத்தாள். முன்னூற்று நாற்பது. உங்கள் மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்றாள்.

“மீட்டர் சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்க்கா. இவருக்கு இன்சுலின் போடறது யாரு?”

 அண்ணி தங்கையைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் அவனைப் படுக்கவைத்துக்கொண்டார்கள். ஆய்வகமும் ஆம்புலன்ஸ்காரர் பக்கமே சொன்னது. மறுநாள் காலை தங்கை நேராக ஆலைக்குப் போனாள், வேலைக்கு இல்லை. பையில் அந்த ஸ்ட்ரிப் குப்பி. இப்போது அவள் சந்தேகம் முழுக்க நொதி சார்மேல் திரும்பியிருந்தது.

நொதி சார் ஆலையின் உயிர்வேதியியல்காரர். ஸ்ட்ரிப்பின் நுனியில் காயும் அந்தத் துளியை உருவாக்கியவர். மண்ணிலும் தண்ணீரிலும் கிடக்கிற ஏதோ ஒரு பாக்டீரியாவிடமிருந்து எடுத்த நொதியைப் பத்து வருடம் பழக்கி, காய்ந்தாலும் சாகாமல், காற்றில் இருக்கும் ஆக்சிஜனால் கணக்குப் பிசகாமல் வேலை செய்ய வைத்தார் என்று பேச்சு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்தான் வகுப்பு எடுத்தார். நொதி ஒரு ஜேப்படிக்காரன், ரத்தத்தில் சர்க்கரை வந்தால் பையில் கைவிட்டு அதனிடமிருக்கும் எலெக்ட்ரானை உருவிக்கொள்ளும், எவ்வளவு உருவியதோ அதுதான் மீட்டரில் எண் என்றார். தங்கைக்கு அது பிடித்திருந்தது. யாரையும் விட்டுவைக்காத நொதி.

அவர் அறையில் குளிர்பெட்டிகள் முனகிக்கொண்டிருந்தன. அவள் குப்பியை மேசையில் வைத்தாள்.

“சார், இந்த ரோல்ல என்ன கலந்தீங்க?”

அவர் குப்பியைத் தொடவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். கெட்ட ரோலை நல்ல ரோலோடு சேர்த்து ஓட்டிவிட்டார்கள், அதை மறைக்கிறார்கள் என்பது அவள் தரப்பு. சிறுநீரகம் என்ற சொல் வந்ததும் அவர் நிறுத்தினார். அண்ணன் டயாலிசிஸ் எப்படிச் செய்கிறார், ரத்தத்திலா வயிற்றிலா என்று கேட்டார். வயிற்றில் என்றாள். ராத்திரிக்கு எந்தப் பை என்று கேட்டார். பெயர் அவளுக்குத் தெரியாது, புதுசு என்றாள். அவர் கையிலிருந்த கண்ணாடிக் குழாயை ஸ்டாண்டில் செருகினார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். அந்த ராத்திரித் தண்ணீரில் மாவுச்சத்து மாதிரி ஒரு நீளச் சங்கிலி இருக்கிறது. அதில் கொஞ்சம் ரத்தத்துக்குள் போய், துண்டு துண்டாக நறுங்கி, கடைசியில் இரண்டிரண்டு சர்க்கரையாகக் கைகோத்துத் திரியும். மால்டோஸ் என்று பெயர். ரத்தத்தில் சுற்றுகிற அந்த ஜோடியைப் பிரித்து உடம்பு தின்ன முடியாது. மூளைக்கு அது சோறு இல்லை. ஆய்வகத்து நொதிக்கு அது கண்ணில் படாது. ஆம்புலன்ஸ் மீட்டரின் நொதிக்கும் படாது. நர்ஸ் கொடுத்த மீட்டருக்கும் பட்டிருக்காது, அதனால்தான் கொடுத்திருப்பாள்.

“நம்ம ஜேப்படிக்காரனுக்கு மட்டும் ஒத்தையும் ஒண்ணுதான், ஜோடியும் ஒண்ணுதான். எல்லார் பையிலயும் கை விடுவான்.”

தங்கை நம்பவில்லை. தன் ரோலைக் காப்பாற்ற ஆள் கதை கட்டுகிறார் என்றே பட்டது. சோதனைத் தண்ணீரில் சரியாகக் காட்டியதே என்று மடக்கினாள். அதில் ஒற்றைச் சர்க்கரை மட்டும்தான் இருக்கிறது, கலப்பவனே நான்தான் என்றார். அவள் அசையவில்லை. அவர் எழுந்து ஒரு ஜாடியிலிருந்து வெள்ளைத் தூளைத் துளி எடுத்தார். மால்டோஸ் மட்டும், குளுக்கோஸ் அறவே இல்லாதது என்றார். கரைத்து, கரைசலை அவளிடமே கொடுத்தார். அவள் தன் குப்பியிலிருந்து, தான் பொறுக்கித் தேறியது என்று விட்ட ஸ்ட்ரிப் ஒன்றை எடுத்துச் செருகினாள். நுனியைத் துளியில் தொட்டாள்.

இருநூற்றுத் தொண்ணூறு.

வேறொரு ஸ்ட்ரிப் எடுத்தாள். அதே கதை. இன்னொன்று. பிசிறு இல்லை, வழிசல் இல்லை. எல்லாம் முதல்தரச் சரக்கு.

“அன்னிக்கு வகுப்புல சர்க்கரையைப் பிடிக்கும்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“எந்தச் சர்க்கரைன்னு சொல்லலியே சார். எங்களுக்கு வியாதியும் சர்க்கரை, டீயில போடறதும் சர்க்கரை, ரத்தத்துல பாக்கறதும் சர்க்கரை. ஒரே வார்த்தைதானே.”

அவர் கண்ணாடியைக் கழற்றி, போட்டுக்கொண்டார். “விளக்கினா தூங்கிடுவாங்கன்னு விட்டுட்டேன். பெட்டி மேலேயே எழுதியிருக்கமே, பெரிய எழுத்துல. டயாலிசிஸ்காரங்க இதுல பாக்கக் கூடாதுன்னு.”

பெட்டி. இத்தனை வருடத்தில் அவள் பெட்டியைப் பார்த்ததில்லை. பெட்டி போடுவது அடுத்த கட்டடம், வேறு வாசல், வேறு ஷிப்டு. உலகத்தில் யார் வேண்டுமானாலும் கடையில் போய் வாங்கிப் படித்திருக்கலாம். பெட்டியில்லாமல் ஸ்ட்ரிப் கிடைப்பது ஆலைக்காரர்களுக்கு மட்டும்தான்.

பேருந்தில் வீட்டுக்கு வரும்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. வியர்வை, நடுக்கம், எரிச்சல், உள்ளே உட்கார்ந்து குடு குடு என்று கேட்டவன். சர்க்கரை இல்லாமல் உடம்பு போட்ட கூச்சலை அவள் திருட்டு முழி என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். கண்டுபிடித்தது எல்லாமே சரி, கட்டிய முடிவுதான் தலைகீழ். ஒன்று மட்டும் ஒட்டவில்லை. அத்தனை இன்சுலினை ஏற்றியும் அவன் எப்படி இத்தனை நாள் தாக்குப்பிடித்தான்? காவல் இருந்த அந்த ஒருசில நாளில்தானே விழுந்தான்?

அண்ணனை அன்று மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய ராத்திரிப் பையில் இருந்த சர்க்கரை புதியதில் இல்லை என்று இன்சுலினைப் பழைய அளவுக்கும் கீழே குறைத்து, வேறொரு மீட்டரும் கொடுத்திருந்தார்கள். அவன் உள்ளே படுத்திருந்தான். அண்ணி சமையலறையில் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஜோடி, ஒற்றை, ஜேப்படிக்காரன், பெட்டி, நர்ஸிடம் தான் சொன்ன பொய். அண்ணி துடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள். துணியைப் பிழிந்து குழாயின்மேல் விரித்தாள்.

“நீ திருகி வெச்சுட்டுப் போவேல்ல. நான் திருப்பிப் பழைய அளவுக்குக் கொண்டாந்துதான் போடுவேன்.”

தங்கை சமையலறைக்குள் வந்தாள். “எப்பலருந்து?”

“நீ கூட்ட ஆரம்பிச்சதுலருந்து. அதுலயும் தள்ளாடினாருன்னா ஒரு வாய் சர்க்கரை.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“உன்கிட்ட எப்படிச் சொல்றது? உனக்குப் பயந்துதானே பண்ணேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. மீட்டர் உன் கம்பெனி. ஸ்ட்ரிப் நீ கொண்டுவருவது. ஆஸ்பத்திரி கொடுத்ததை நீதான் தூக்கி யாருக்கோ கொடுத்தாய். டாக்டரிடம் பேசுவது நீ, மருந்தைக் கூட்டுவது நீ. பழைய அளவிலேயே மனுஷன் உருகிக்கொண்டு போகிறார், நீ இன்னும் இன்னும் கூட்டுகிறாய். கடைசியில் வேலைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து, என் கையிலிருந்து ஊசியையும் பிடுங்கிக்கொண்டாய். வீடு இரண்டு பேர் பேரில் இருக்கிறது. நான் என்ன நினைப்பது என்று கேட்டாள்.

தங்கை அதை மனசுக்குள் லென்சுக்கு அடியில் ஓட்டிப் பார்த்தாள். தான் அண்ணிமேல் கட்டிய வழக்கைவிட இது பலமாக இருந்தது. தன் பக்கத்தில் இருப்பதெல்லாம் கைகோத்துத் திரியும் இரண்டு சர்க்கரையும் ஒரு பாக்டீரியாவும்தான். வெளியாள் கேட்டால் சிரிப்பான்.

“இப்பவும் அப்படித்தான் நெனக்கறீங்களா?”

அண்ணி யோசித்தாள். யோசித்ததுதான் தங்கைக்கு வலித்தது.

“நீ சொல்றது நெசமாவே இருக்கலாம். எனக்கு அந்த ஒத்தை, ஜோடியெல்லாம் தெரியாது. ஆனா இனிமே அவர் விரலை நீ தொடாதே.”

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. தூங்கவில்லை போலும். “ரெண்டு பேரும் என்னைக் காப்பாத்தறதா கொல்றதான்னு பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அதுக்கு முன்னால ஒரு டீ குடுங்க.”

இருவரும் சிரிக்கவில்லை. அண்ணி டீ போட்டாள்.

சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன் அண்ணி புது மீட்டரை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதுகு வாசலை மறைத்தது. ஊசி குத்தும் சின்னச் சத்தம் கேட்டது. பிறகு மீட்டரின் கீச்சு. தங்கை அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

“எவ்வளவு அண்ணி?”

“பரவால்ல.”

“எவ்வளவுன்னு கேட்டேன்.”

“பரவால்லன்னு சொன்னேன்ல.”

மீட்டரைப் பையில் போட்டு மூடும் சத்தம். இரண்டு எட்டு வைத்து, கையை நீட்டிப் பிடுங்கினால் பார்த்துவிடலாம். தங்கை வைக்கவில்லை. அண்ணி எழுந்து தட்டை எடுக்கப் போனபோது அவன் முகம் தெரிந்தது. சுவரில் சாய்ந்து, சாப்பாடு இன்னும் வரவில்லையே என்று சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை அவனுடைய நெற்றியைப் பார்த்தாள், மேலுதட்டைப் பார்த்தாள். இரண்டும் காய்ந்திருந்தன. கை மடியில் கிடந்தது, நடுங்கவில்லை. வெறும் கண்ணால் பார்த்ததை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது என்றுதான் அவள் பழகியிருந்தாள். இருந்தாலும் பார்த்துக்கொண்டே நின்றாள்.